அம்புலியைக் காட்டும் விரல்

நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குச் சிகிச்சைக்குக் கொண்டு போய் வருவதென்றால் ஒரு முழு நாள் வேண்டும். விடியப்புறம் எழும்பி இறங்குதுறைக்குப் போய், படகில் ஒரு மணித்தியாலம் இருந்து குறிகட்டுவானில் இறங்கி, அங்கே பஸ் பிடித்து, புங்குடுதீவும் வேலணையும் பண்ணையும் கடந்து பட்டணம் சேரவேண்டும். வைத்தியசாலையில் இலக்கம் எடுத்துக் காத்திருந்து, சிகிச்சையாளரைச் சிறிது நேரம் கண்டுவிட்டு, படகைத் தவறவிடாமல் திரும்பி ஓடவேண்டும். சத்தத்துக்கும் சனத்துக்கும் மிரளுகிற பிள்ளை என்றால் அந்த நாள் எப்படி இருக்கும் என்பது கொண்டு போனவளுக்குத்தான் தெரியும். சோளகக் காற்று எழும்பிவிட்டால் அதுவும் இல்லை. நயினாதீவுக்காரருக்குக் கடல் குறுகியது. ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் தரைவழி உண்டு. ஆனாலும் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போவது எந்தத் தீவிலும் ஒன்றுதான்.

பேச்சு வரப் பிந்தும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை, டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த பிள்ளை, மூளைவாதத்தால் கை கால் இறுகிய பிள்ளை, ஓரிடத்தில் ஒரு நிமிடம் இராத பிள்ளை. இவர்களின் தேவைகள் வெவ்வேறு. ஆனால் எல்லோரும் விளையாட்டின் ஊடாகத்தான் கற்கிறார்கள். மற்றப் பிள்ளைகளும் அப்படியே. மற்றப் பிள்ளை தானாக விளையாட்டைத் தேடிப் போகும். இந்தப் பிள்ளையிடம் விளையாட்டை நாங்கள் கொண்டு போகவேண்டும். சிகிச்சையாளர் செய்வதும் இதைத்தான். அவர் பந்து உருட்டுவதையும் சவர்க்காரக் குமிழி ஊதுவதையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தது இதுக்கோ? மருந்து ஒண்டும் தரேல்லையோ?" என்று சில தாய்மார் சலித்துக்கொள்வதுண்டு. அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பந்துதான் மருந்து. அதைப் படகில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து, மற்ற நாட்களில் எங்கள் முற்றத்திலேயே கொடுக்கலாம்.

பழி யார் மீது?

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இப்படி ஒரு பிள்ளை பிறந்தால், வயிற்றில் இருக்கும்போது ஷெல் சத்தத்துக்குப் பயந்தது, கிரகணத்தில் வெளியே போனது, செய்வினை, முற்பிறப்புப் பாவம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எந்தக் காரணமும் கடைசியில் தாயின் தலையில்தான் வந்து விடியும். இதில் படித்தவர்களும் சளைத்தவர்கள் அல்லர். 1950களிலும் 60களிலும் மேற்கு நாடுகளின் பெரிய வைத்தியர்களே, தாயிடம் பாசம் குறைந்ததால் ஓட்டிசம் வருகிறது என்று எழுதினார்கள். அது முற்றிலும் பிழை என்று பின்னர் தெளிவானது. ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு; அதில் பரம்பரை இயல்புக்குப் பெரும் பங்குண்டு. டவுன் சின்ட்ரோம் ஒரு நிறமூர்த்தம் கூடுதலாக இருப்பதால் வருவது. மூளைவாதம், பிறக்குமுன்னோ பிறக்கும்போதோ பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் வருவது. தடுப்பூசியால் ஓட்டிசம் வருவதில்லை. பாசக் குறைவாலும் வருவதில்லை.

இது அரிதானதும் அல்ல. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் சேர்ந்தோரும் இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடையே செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. உங்கள் ஒழுங்கையில் உங்கள் பிள்ளை ஒருவராக இருக்கலாம். தீவகம் முழுவதும் எடுத்தால் நீங்கள் தனி ஆள் இல்லை.

போரால் வாயடைத்துப் போகும் பிள்ளையின் நிலை வேறு. கண்ட கொடுமையால் பேச்சடங்கிய பிள்ளைகளை எங்கள் மண் நிறையப் பார்த்திருக்கிறது. மட்டக்களப்பில் 1996இல், யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கியது அத்தகைய பிள்ளைகளுக்காகத்தான். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வந்து, களிமண்ணும் நிறமும் கதையும் நாடகமுமாக விளையாட விட்டார்கள். அங்கே ஆற்ற வேண்டியிருந்தது காயம். இங்கே பேசும் பிள்ளைகளிடம் இருப்பது வளர்ச்சியின் வேறுபாடு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "பயந்தது, போகப் போகச் சரிவரும்" என்று காத்திருந்தால் காலம்தான் போகும். பேசிக்கொண்டிருந்த சொற்களை ஒரு பிள்ளை எந்த வயதில் இழந்தாலும், காரணத்தை நாங்களே தீர்மானிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நிலாவைப் பார்க்கிறதா, விரலைப் பார்க்கிறதா?

எங்கள் பழைய புலவர்கள் பிள்ளைத்தமிழில் குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்து வைத்தார்கள். ஐந்தாம் மாதமளவில் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. ஒன்பதாம் மாதமளவில் கை கொட்டும் சப்பாணி. ஒரு வயது கடந்ததும் தளர்நடை நடந்து வரும் வருகை. பதினைந்தாம் மாதமளவில் நிலவை விளையாட அழைக்கும் அம்புலி. பிறகு சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்று வேறுபடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான பருவங்களின் பெயர் ஒரு விளையாட்டு. பிள்ளை வளர்ந்ததா என்பதை அது எப்படி விளையாடுகிறது என்பதைக் கொண்டு அளந்திருக்கிறார்கள்.

இவற்றில் அம்புலிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தாய் விரலை நீட்டுகிறாள். பிள்ளை அந்த விரலைப் பார்க்காமல், விரல் காட்டும் நிலவைப் பார்க்கிறது. பார்த்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்க்கிறது, 'நீயும் கண்டாயா?' என்பது போல. இருவரும் ஒரே பொருளில் கவனம் வைப்பது என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். பேச்சு இந்த இடத்திலிருந்துதான் முளைக்கிறது. ஒன்றரை வயதாகியும் பிள்ளை தானாக விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, நீங்கள் காட்டும் திசையையும் பார்க்கவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய அடையாளம். ஒரு வயதில் மழலை ஒலியோ கையசைத்தல் போன்ற சைகையோ இல்லாவிட்டாலும், 16 மாதத்தில் ஒரு சொல் இல்லாவிட்டாலும், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று அப்பம்மா சொல்லலாம். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். காட்டுவதில் நட்டம் ஒன்றுமில்லை. முதலில் செய்விக்க வேண்டியது செவிப் பரிசோதனை. காது கேளாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று ஏசிக்கொண்டிருந்த வீடுகள் உண்டு.

முற்றத்தில் என்ன செய்வது?

இரண்டரை வயது மகன். பேச்சு இல்லை. நாள் முழுவதும் பால்மா ரின்னின் மூடியைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வழமையாக நாங்கள் செய்வது மூடியைப் பறித்து ஒளித்துவிட்டு, ஒரு படப் புத்தகத்தை முன்னால் விரிப்பது. அவன் கத்துவான். இரண்டு பேருக்கும் அன்றைய நாள் முடிந்தது.

வேறு விதமாகச் செய்து பாருங்கள். இன்னொரு மூடியை எடுத்துக்கொண்டு, அவனுடைய கண் மட்டத்துக்கு நிலத்தில் இருங்கள். பக்கத்தில் அல்ல, எதிரே. அவன் சுழற்றும்போது நீங்களும் சுழற்றுங்கள். "சுத்துது" என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவன் உங்கள் மூடியை ஒரு கணம் பார்ப்பான். அந்த ஒரு கணம்தான் வாசல். நாளைக்கு அது இரண்டு கணமாகும். சில நாட்களில் உங்கள் மூடி நின்றதும் உங்கள் கையைத் தள்ளுவான், 'சுத்து' என்று. அது அவன் உங்களுடன் கதைத்த கதை. உடனே சுழற்றுங்கள். சொல் வந்தால்தான் சுழற்றுவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். அவன் தள்ளினாலும் பார்த்தாலும் ஒலி எழுப்பினாலும் பதில் கிடைக்கும் என்று அவனுக்கு விளங்குவதே இப்போது வேண்டியது.

எங்களுக்கு மிகவும் கடினமானது பேசாமல் காத்திருப்பது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்துக்குள் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது. நாங்களோ இடைவிடாமல் "இது என்ன? இது என்ன நிறம்? மாமிக்குச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருப்போம். யாழ்ப்பாணத்தில் சோதனை இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது! கேள்வியைக் குறைத்து, பிள்ளை செய்வதைச் சொல்லிக் காட்டுங்கள். "தண்ணி ஊத்துறாய்." "மண் விழுது." அது போதும்.

சீலையில் கட்டிய ஊஞ்சலில் பிள்ளையை வைத்து மூன்று தரம் ஆட்டி, நான்காவது தரம் நிறுத்துங்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அவள் உங்களைப் பார்த்தாலோ உடம்பை ஆட்டினாலோ "ஆடு" என்று சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். சோற்றுக் கவளத்திலும், கிணற்றடியில் தண்ணீர் வார்க்கும்போதும் இதையே செய்யலாம். தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இதுதான் நல்ல செய்தி. குளிப்பாட்டல், உடுப்பு மாற்றல், சுளகில் அரிசி புடைத்தல் எல்லாமே விளையாட்டுக்கு இடம் தரும். உடுப்புப் போடப் பழக்கும்போது கடைசிப் படியைப் பிள்ளைக்கு விடுங்கள். சட்டையைத் தலையால் போட்டு, கைகளையும் நுழைத்து, கீழே இழுத்து விடுவதை மட்டும் அவன் செய்யட்டும். முடித்துவிட்டேன் என்ற சந்தோசம் அவனுக்கு. அது பழகியதும் அதற்கு முந்திய படியையும் அவனிடம் விடலாம்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லோடு கை அசைவும் சேர்த்துக் காட்டினால் நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். சைகை பழகினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். அது பேச்சுக்குத் துணை நிற்கும். மூளைவாதம் உள்ள பிள்ளைக்கு விளையாடுமுன் இருக்கை சரியாக வேண்டும். நெஞ்சின் கீழ் ஒரு சுருட்டிய சீலையை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தால், தலை நிமிர்த்தி முன்னால் இருக்கும் பொருளைப் பார்க்கவும் கை நீட்டவும் முடியும். எந்த நிலை பொருந்தும் என்பதை இயன்மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு, செய்து காட்டச் சொல்லுங்கள். டேவிட் வேர்னர் மெக்சிக்கோவின் மலைக் கிராமங்களில் வேலை செய்த அனுபவத்தோடு 1987இல் வெளியிட்ட மாற்றுவலுவுள்ள கிராமத்துப் பிள்ளைகள் பற்றிய நூலில், பழைய ரயரும் மரக்குற்றியும் கொண்டு செய்யும் இருக்கைகளும் ஊஞ்சல்களும் படம் படமாக உண்டு. பார்த்தால் எங்கள் வளவில் கிடக்கும் சாமான்கள்தான்.

பொருளுக்கும் குறைவில்லை. பனையோலைக் கிலுகிலுப்பை, ஓலைக் காற்றாடி, பனங்காய் வண்டி, சிரட்டை, வழுவழுப்பான ஊமல், நிறம் நிறமான சீலைத் துண்டு, சிறு கற்கள் போட்டு இறுக்கி மூடிய போத்தல். தொட்டால் கூசும் பிள்ளைக்குக் கடற்கரை மணலைவிட நல்ல பயிற்சிப் பொருள் கிடையாது. முதலில் காய்ந்த மணல், பிறகு ஈர மணல், கட்டாயப்படுத்தாமல். ஆனால் சோகி, புளியங்கொட்டை, போளை போன்றவற்றை வாயில் போடும் பிள்ளையிடம் தனியே கொடுக்காதீர்கள். கைத்தொலைபேசியில் ஓடும் பாட்டுப் படம் பிள்ளையை அமைதியாக வைத்திருக்கும் என்பது மெய்தான். ஆனால் தொலைபேசி பிள்ளைக்காக ஐந்து வரை எண்ணிக் காத்திருக்காது.

வேறு ஊர்களில்

தாயிடம் விட்டுவிடுவது வசதியில்லாதவர்களுக்கான இரண்டாந்தர வழி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969இல் ஒரு திட்டம் தொடங்கியது. வீடுகள் தூரத் தூர இருந்தன. பிள்ளைகளை ஒரு நிலையத்துக்குக் கொண்டு வருவது சிரமம். ஆகவே ஆசிரியை வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், ஒரு சிறிய செயலைத் தாய்க்குச் செய்து காட்டி, அதைக் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தார். மற்ற நாட்களில் தாய் பழக்கினாள். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. சென்னையில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில் பிள்ளையோடு தாயும் வந்து இருந்து பழக வேண்டும். உடல் அசைவு, தன் வேலையைத் தான் செய்தல், மொழி, அறிவு, பிறரோடு பழகுதல் என்று ஐந்து பக்கமாகப் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்க்கிறார்கள்.

ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986இலும் 87இலும், போசாக்கின்மையால் வளர்ச்சி குன்றிய 129 சிறு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சுகாதாரத் தொண்டர்கள் இரண்டு வருடம் வாரம் ஒரு மணித்தியாலம் போய், கையால் செய்த விளையாட்டுப் பொருட்களோடு தாய்க்குப் பழக்கினார்கள். பொருளை வீட்டில் விட்டு, அடுத்த வாரம் மாற்றிக் கொடுத்தார்கள். இருபது வருடங்களுக்குப் பிறகு பார்த்தபோது, அந்த விளையாட்டுக் கிடைத்தவர்களின் உழைப்பு மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய 25 வீதம் கூடியிருந்தது. இந்த முடிவு 2014இல் வெளியானது. இவர்கள் எங்கள் பிள்ளைகள் போன்ற வேறுபாடு உள்ளவர்கள் அல்லர். ஆனாலும் வாரம் ஒரு மணித்தியாலம் என்ன செய்யும் என்பதற்கு இது சான்று.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த ஒரு முயற்சியின் முடிவு 2016இல் வந்தது. அறுபத்தைந்து பிள்ளைகள். பயிற்றியது வைத்தியர்கள் அல்ல, பழக்கப்பட்ட உள்ளூர் ஊழியர்கள். பிள்ளையின் போக்கைப் பின்பற்றிப் பதில் சொல்லும் பழக்கம் பெற்றோரிடம் கூடியது. பிள்ளைகள் தாமாகக் கதை தொடங்குவதும் கூடியது. ஓட்டிசம் மறைந்துவிடவில்லை. அப்படி மறையச் செய்வதாக யாராவது உங்களிடம் எண்ணெயோ ஊசியோ விற்க வந்தால் காசைக் கொடுக்காதீர்கள். எங்கள் நாட்டிலும் பேராசிரியர் பெரேரா குழுவினர் தாய்மாருக்குப் பழக்கி வீட்டிலேயே செய்வித்த பயிற்சியில், மூன்று மாதங்களிலேயே முன்னேற்றம் தெரிந்ததாக 2016இல் எழுதினார்கள்.

விளையாடத் தெம்பில்லாத தாய்

இவ்வளவும் வாசித்துவிட்டு, "எனக்குச் சிரிக்கவே வருகுதில்லை, நான் எப்படி விளையாடுவது?" என்று கேட்பவள் இருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் தீவகம் ஏறக்குறைய வெறுமையானது. அதற்குப் பிறகு பிறந்து, இடம்பெயர்வுக்கும் பங்கருக்கும் இடையில் வளர்ந்த பெண்பிள்ளைகள்தான் இன்று தாய்மார். கொக்கான் வெட்டவேண்டிய வயதில் அவர்கள் தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நின்றார்கள். போர் ஒருவரை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதி வந்திருக்கிறார். விளையாடக் கிடைக்காதவளை விளையாடச் சொல்வது இலகுவான காரியம் அல்ல.

ஆகவே பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு நாள் முடியாவிட்டால் விடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். அம்மம்மாவோ பெரியம்மாவோ தமக்கையோ ஒரு முறை எடுக்கலாம். தகப்பன் இருந்தால் அவரும் நிலத்தில் இருக்கலாம், வேட்டி அழுக்காகாது. நித்திரையில்லை, சாப்பிட மனமில்லை, அழுகை நிற்கவில்லை என்றால், பிள்ளைக்குக் காட்டப் போகும் நாளில் உங்களுக்கும் காட்டுங்கள். அது பிள்ளைக்குச் செய்யும் சிகிச்சையின் ஒரு பகுதி.

ஊர்ப் பிள்ளைகளும் வேண்டும். எங்கள் விளையாட்டுகளில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஓர் இடம் உண்டு. சின்னவனையோ ஓட முடியாதவனையோ கூட்டிலே சேர்த்துக்கொள்வார்கள். அவன் பிடிபட்டாலும் ஆட்டமிழக்க மாட்டான். அந்தப் பெயர் குத்தும், எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அந்த வழக்கத்தின் உள்ளே இருக்கும் அறிவு பெரிது: பிள்ளையை வெளியே நிறுத்தாமல், விதியைத் தளர்த்தி உள்ளே எடுப்பது. பெயரை மாற்றி வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். கிளித்தட்டில் ஒரு கோட்டை மட்டும் அவனுக்குக் கொடுக்கலாம். பாண்டியில் கெந்த முடியாதவள் நடந்தே பெட்டிகளைக் கடந்து எண்ணலாம். எண் பழகியது போலவும் ஆயிற்று.

கிணற்றையும் கடலையும் பற்றி ஒரு சொல். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் சொல்லாமல் நழுவிப் போவார்கள். தண்ணீர் அவர்களை இழுக்கும். கூப்பிட்டால் பதில் வராது. கட்டில்லாத கிணற்றுக்கு வேலி அடையுங்கள், படலைக்குப் பிள்ளைக்கு எட்டாத கொளுக்கி போடுங்கள், அயலில் உள்ள கடற்றொழிலாளருக்கு இந்தப் பிள்ளையை முகம் காட்டி வையுங்கள். வலிப்பு வரும் பிள்ளையைத் தண்ணீரில் ஒரு நொடியும் தனியே விடக்கூடாது.

முன்பள்ளிக்கு அனுப்ப வெட்கப்பட வேண்டாம். அங்கே பாதி நேரமும் விளையாட்டுத்தான். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, வலுவிழப்பைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்ட முடியாது. ஊர்ப் பள்ளியில் முடியாத நிலை வந்தால், செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலையும், அறிவு வளர்ச்சியில் பிந்திய பிள்ளைகளுக்குக் கோண்டாவில் சிவபூமி பாடசாலையும் யாழ்ப்பாணத்தில் உண்டு.

மாதர் சங்கக் கூட்டங்களில் பேச ஒரு விடயம் தருகிறேன். ஒரு கடகத்தில் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுப் பொருட்களைச் செய்து போட்டு, அதை வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றவிடலாம். பழகிய பொருளில் பிள்ளைக்குச் சலிப்பு வரும். கடகம் மாறி வந்தால் புதுசு. ஓலை பின்னத் தெரிந்த ஆச்சிமார் எந்தத் தீவிலும் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக் போகும்போது பிள்ளையின் கொப்பியோடு ஒரு துண்டுக் கடதாசியும் கொண்டு போங்கள். பிள்ளை எதைப் பார்த்தால் சிரிக்கிறது, வேண்டியதை எப்படிக் கேட்கிறது, போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் செய்கிறது என்று எழுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் சிகிச்சையாளரைக் காணக் கிடைத்தால், "வீட்டில் செய்ய ஒரு விளையாட்டைச் செய்து காட்டுங்கோ" என்று கேளுங்கள். அவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் படகுக்குப் போங்கள்.